கடைமடை வரையில்

காவிரி யாத்திரை செல்கிறவர்கள் குடகு மலையில் தலைக்காவிரியில் தொடங்குவார்கள். ஸ்ரீரங்கத்தில் அரங்கனைச் சேவிப்பார்கள். பூம்புகாரில் கடலாடி வீடு திரும்புவார்கள். இந்த வழிக்குப் புராணமும் துணை நிற்கிறது, காவியமும் துணை நிற்கிறது. 2025-ஆம் வருஷம் ஜூன், ஜூலை மாதங்களில் நாங்கள் செய்த யாத்திரை அந்த வகையைச் சேர்ந்ததன்று. அது மேட்டூர் அணையின் அடியில் தொடங்கி முத்துப்பேட்டைச் சேற்றில் முடிந்தது. வழியெங்கும் கோபுரங்கள் இருந்தன. ஆனால் நாங்கள் இறங்கி நின்று பார்த்தவையெல்லாம் மதகுகளே. இது என்ன விநோதமான க்ஷேத்திராடனம் என்று நேயர்கள் கேட்கலாம். எங்கள் தகப்பனார் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். அவருடைய அஸ்தியை எடுத்துக்கொண்டுதான் நாங்கள் புறப்பட்டோம்.

லஸ்கர் என்கிற உத்தியோகத்தைப் பட்டணத்து நேயர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அணையைக் கட்டுகிறவர் என்ஜினீயர். எத்தனை கனஅடி திறப்பது என்று உத்தரவு போடுகிறவர் மேலதிகாரி. அந்த உத்தரவை வாங்கிக்கொண்டு, நடுநிசியானாலும் அடைமழையானாலும் ஆற்றங்கரையோடு நடந்து போய், மதகின் பலகையை இத்தனை அங்குலம் என்று அளந்து ஏற்றி இறக்குகிறவர் லஸ்கர். தஞ்சைச் சீமையில் ஜனங்கள் மதகுத் தொகுதிக்குச் 'சட்ரஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் பாஷையிலிருந்து வந்த சொல், ஆற்றுத் தண்ணீரில் ஊறி ஊறித் தமிழாகிவிட்டது. எங்களையும் ஊரில் 'சட்ரஸ்காரர் வீட்டுப் பிள்ளைகள்' என்றுதான் சொல்வார்கள். மூத்தவர் அண்ணா, அடுத்தவர் அக்கா, கடைசியாகப் பிறந்து, இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் பூகோளமும் சொல்லிக் கொடுக்கிற கைதான் மூவருக்குமாக இதை எழுதுகிறது.

தகப்பனார் பிறந்த வருஷம் 1934. மேட்டூர் அணை திறக்கப்பட்டதும் அதே வருஷம், ஆகஸ்டு 21-ஆம் தேதி. "அணைக்கும் எனக்கும் ஒரே வயசு. யார் முதல்லே இடியறோம்னு பார்ப்போம்" என்று வேடிக்கையாகச் சொல்வார். 1955-இல் உத்தியோகத்தில் சேர்ந்து 1994-இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் முப்பது வருஷம் இருந்தார். பேரன் பேத்திகளுக்குக் கல்யாணம் செய்து பார்த்தார். கொள்ளுப் பேரனை மடியில் வைத்துக்கொண்டார். தொண்ணூறு வயது நிறைந்து, நாலே நாள் படுத்திருந்து, 2025 பிப்ரவரியில் கண்ணை மூடினார். ஊரார் அதைக் கல்யாணச் சாவு என்றார்கள். வாஸ்தவந்தான். ஆனாலும், அவர் உட்கார்ந்திருந்த திண்ணை மூலையைக் கடந்து வீட்டுக்குள் போவதற்கு எங்கள் மூவருக்கும் இன்னும் பழகவில்லை.

போவதற்கு முன்னால் அவர் ஒரு விஷயம் சொல்லிவைத்தார். "அஸ்தியைத் தூக்கிண்டு உடனே ஓடாதீங்க. மாசி, பங்குனியிலே ஆத்துலே என்ன இருக்கும்? மணல்தான். ஜூன்லே தண்ணி வரட்டும். அது கடைமடைக்குப் போய்ச் சேரட்டும். அங்கே விடுங்க."

மடை என்பது வயலுக்குத் தண்ணீர் நுழைகிற வாய். வாய்க்காலின் தொடக்கத்தில் இருப்பது தலைமடை; எல்லா வயல்களுக்கும் பாய்ந்து மிஞ்சிய நீர் கடைசியாகப் போய்ச் சேருகிற இடம் கடைமடை. எங்கள் தகப்பனாரின் வாழ்க்கை முழுவதற்கும் அந்த ஒரு வார்த்தைதான் சூத்திரம். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், தம் இலையைப் பார்க்க மாட்டார். கழுத்தை நீட்டி, வரிசையின் கோடியில் இருக்கிற இலைக்குச் சாதம் விழுந்துவிட்டதா என்று பார்ப்பார். சர்க்கார் ஏதாவது திட்டம் போட்டதாகப் பத்திரிகையில் வாசித்தால், "சரி, கடைமடைக்குப் போச்சா?" என்பார். வீட்டில் கடைக்குட்டிக்கு அவர் வைத்திருந்த செல்லப் பெயரும் கடைமடை என்பதே.

சித்தப்பாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அவருக்கு வயது எண்பத்திரண்டு. தகப்பனாரின் ஒரே தம்பி. "காவிரி சங்கமுகம் இருக்கிறபோது, உப்பங்கழியிலே கொண்டுபோய்க் கரைக்கிறதாவது! அண்ணனுக்கு நல்ல கதி வேண்டாமா?" என்று கேட்டார். நாங்கள் பதில் சொல்லவில்லை. அஸ்திக் கலயம் கொல்லையில் வேப்ப மரத்துக் கிளையில் நாலு மாதம் தொங்கியது. ஜூன் மாதம் நாங்கள் புறப்பட்டபோது, யாரும் கூப்பிடாமலே சித்தப்பா துணிப்பையுடன் வந்து காரில் ஏறிக்கொண்டார்.

மேட்டூரில் ஜூன் 12 என்பது பண்டிகை நாள். குறுவைச் சாகுபடிக்காக அணையைத் திறக்க வேண்டிய வழக்கமான தேதி அது. மூடுவது ஜனவரி 28. மழையும் மேலேயுள்ள மாநிலத்திலிருந்து வரும் நீரும் ஒத்துழைத்தால்தான் தேதி நிலைக்கும். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் தொடர்ந்து அது தவறியது. 2024-இலும் தவறி, ஜூலை 28-ஆம் தேதிதான் மதகு உயர்ந்தது. 2025-இல் தேதி தவறவில்லை. அணையின் நீளம் 5,300 அடி. நீர்மட்டத்தின் உச்சம் 120 அடி; அப்போது அதில் தேங்கும் நீர் 93.47 டி.எம்.சி. இந்த எண்களைத் தகப்பனார் எங்களுக்குப் பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு முன்பே மனப்பாடம் செய்வித்துவிட்டார்.

அங்கே இன்னொன்றையும் அவர் சொன்னதுண்டு. இந்த ஏரி நிரம்புவதற்காகப் பல கிராமங்கள் மூழ்கிப்போயின. நீர்மட்டம் மிகவும் தாழ்கிற வருஷங்களில் பண்ணவாடிப் பக்கத்தில் பழைய சிவன் கோயில் நந்தியும், மாதா கோயில் கோபுரமும் வெளியே தெரியும். பார்க்கிறவர்களுக்கு அது வேடிக்கை. தகப்பனாருக்கு அப்படியில்லை. "நந்தி வெளியே வந்தா நம்ம ஊர்லே அடுப்பு எரியாது. நந்தி உள்ளே போனா, அந்த ஊர்க்காரன் வீடு தண்ணிக்குள்ளே இருக்குன்னு அர்த்தம். இரண்டையும் நினைச்சுச் சாப்பிடணும்" என்பார்.

மதகுகளிலிருந்து தண்ணீர் வெள்ளை வெளேரென்று பாய்ந்ததைப் பார்த்துவிட்டுக் கிழக்கே திரும்பினோம். தண்ணீர் கல்லணைக்குப் போய்ச் சேர மூன்று நான்கு நாளாகும். நாங்களோ சில மணி நேரத்தில் திருச்சிக்கு வந்துவிட்டோம். ஆகவே இந்த யாத்திரையில் காவிரியை விட நாங்களே முந்திக்கொண்டோம். பிறகு அங்கங்கே உட்கார்ந்து அதற்காகக் காத்திருந்தோம்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கொள்ளிடம் அகலமானது, பள்ளமானது. விட்டால் தண்ணீர் முழுவதையும் அது வாரிக்கொண்டு போய்விடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிப் படுகை மேடிட்டுத் தஞ்சைச் சீமை வறளத் தொடங்கியது அதனால்தான். ஆர்தர் காட்டன் என்ற என்ஜினீயர் 1836-இல் இங்கே மேலணையைக் கட்டத் தொடங்கி நீரைத் திருப்பினார். அந்தப் பழைய அணையில் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்டு 22 இரவு வெள்ளத்தில் உடைந்து போயின. பக்கத்திலேயே புதிய கதவணை இப்போது நிற்கிறது. அன்றிரவு எண்பத்து நான்கு வயதுத் தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்தே விடிய வைத்தார். வீட்டில் யாருக்காவது நோய் என்றால் இருப்பாரே, அந்த மாதிரி.

கல்லணையை வர்ணிக்க நாங்கள் யார்? கரிகாலன் பெயரால் வழங்குவது. சுமார் 1,080 அடி நீளம். ஆற்று மணலில் பாறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி, அவை தாமே புதைந்து நிலைகொள்ளும்படி செய்த விந்தை. காட்டனும் அந்த வேலைத்திறனை வியந்து எழுதியிருக்கிறார். இங்கே நீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று நாலு வழியாகப் பிரிகிறது. ஸ்நானம் செய்கிறவர்கள் காவிரிப் பக்கம் போனார்கள். நாங்கள் வெண்ணாற்றுப் பக்கம் திரும்பினோம். அதுதான் தகப்பனாரின் ஆறு.

தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறும் வடவாறும் பிரிகின்றன. நீடாமங்கலத்துக்கு அருகில் மூணாறு தலைப்பு என்ற இடத்தில் எஞ்சிய நீர் மறுபடியும் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. அந்தப் பிரிவுகளிலிருந்து வாய்க்கால்கள், வாய்க்கால்களிலிருந்து கிளை வாய்க்கால்கள், அவற்றிலிருந்து மடைகள். உள்ளங்கை ரேகையைப் போலப் பரந்திருக்கிற இந்த அமைப்பில் ஒவ்வொரு கவட்டிலும் ஒரு மனிதர் நிற்க வேண்டும். மேலே நிற்கிறவர் ஓர் அங்குலம் தாராளமாகத் திறந்தால், கீழே ஓர் ஊருக்குத் தண்ணீர் கிடையாது. வருகிற நீர் போதாதபோது முறை வைத்து விடுவார்கள்: மேல்பகுதிக்கு இத்தனை நாள், கீழ்ப்பகுதிக்கு இத்தனை நாள். முறையைக் காப்பாற்றுவதில்தான் லஸ்கரின் தர்மம் இருக்கிறது.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், தகப்பனார் நெடுங்காலம் இருந்த மதகின் கட்டையில் உட்கார்ந்து தண்ணீருக்காகக் காத்திருந்தோம். 1977 நவம்பர்ப் புயலின்போது மூன்று இரவு வீட்டுக்கு வராமல் அவர் நின்ற இடம் அது. கூடை கூடையாக வந்து அடைத்த செத்தையையும் வைக்கோலையும் இடுப்பளவு நீரில் நின்று தள்ளியதாக அம்மா சொல்வாள். நாலாம் நாள் வீட்டுக்கு வந்தவர், சாப்பிடாமல் தூங்கிப்போனாராம்.

அந்தக் கட்டையில் உட்கார்ந்திருந்தபோதுதான் சித்தப்பா வாயைத் திறந்தார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத சமாசாரம் அது. 1980-களின் தொடக்கத்தில் மழை பொய்த்த ஒரு வருஷம். சித்தப்பாவின் எட்டு மா நிலம் தலைமடையில். சம்பாப் பயிர் பால் பிடிக்கும் சமயம். முறையோ கீழ்ப்பகுதியினுடையது. சித்தப்பா ஓர் இரவு இந்த மதகுக்கு வந்து, "ஒரு மணி நேரம் திறந்துவிடு, அண்ணே. யாருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டார். தகப்பனார், "உன் முறை வியாழக்கிழமை" என்றார். வியாழக்கிழமை தண்ணீர் வந்தது, பயிர் பதராகிவிட்டிருந்தது. அந்த வருஷம் எங்கள் வீட்டு நெல்லில் பாதியைத் தகப்பனார் சித்தப்பா வீட்டுக்கு வண்டியில் அனுப்பினார். வண்டி மூட்டைகளோடு திரும்பி வந்தது. நாலு வருஷம் இருவருக்கும் பேச்சில்லை. அக்காவின் கல்யாணத்தில் பேசத் தொடங்கினார்கள். ஆனால் அந்த இரவைப் பற்றி மாத்திரம் கடைசிவரை பேசவில்லை. "கூடப் பிறந்தவன் வயலைக் காயவிட்டு ஊரான் வயலுக்குக் காவல்" என்று அம்மா முணுமுணுப்பது உண்டு. தகப்பனார் அதற்கும் பதில் சொன்னதில்லை.

"அந்த ஒரு மணி நேரத் தண்ணியிலே கீழே யார் செத்துப் போயிருப்பான்?" என்று சித்தப்பா ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நாற்பது வருஷமாக அவர் தமக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது என்பது குரலிலேயே தெரிந்தது.

சற்றைக்கெல்லாம் தண்ணீர் வந்தது. புதுத் தண்ணீர் வருவதை நேயர்கள் பார்த்திருக்கிறார்களோ என்னவோ! நுரையும் சருகும் முன்னே வர, காய்ந்த மணலை நாக்கால் நக்குவது போல் மெதுவாக வந்தது. மணலில் வெடித்திருந்த பிளவுகள் சளசளவென்று குடித்தன. மதகடியில் நின்றிருந்த சிறுவர்கள் கூச்சலிட்டார்கள். ஒரு கிழவி குனிந்து அந்த நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அத்துடன் முதல் தவணை முடிந்தது, விடுமுறையும் தீர்ந்தது. தண்ணீர் தெற்கே போய்ச் சேர வேண்டுமே! அந்த இடைவேளையில் தகப்பனாரின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே வருஷத்துக்கு ஒன்றாகக் கோடு போட்ட நோட்டுப் புத்தகங்கள். உத்தியோகத்தில் இருந்தவரை தம் மதகின் அளவு; ஓய்வு பெற்றபின், தினமும் காலையில் பத்திரிகையில் வருகிற மேட்டூர் நீர்மட்டம். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு நாளுக்கு எதிரில் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்திருந்தார். கடைமடைக்கு நீர் போய்ச் சேர்ந்த நாள் அது. ஓய்வுக்குப் பிறகும் அதை எப்படித் தெரிந்துகொண்டார் என்பது எங்களுக்குப் புதிராக இருந்தது.

புதிர் ஜூலையில் விடுபட்டது. திருத்துறைப்பூண்டியைக் கடந்து முத்துப்பேட்டைச் சாலையில் ஒரு வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்தினோம். அதற்கப்பால் வயல் இல்லை. உப்புப் பூத்த தரை. கடைசி வயலில் நின்ற பெரியவரிடம் விசாரித்தோம். தகப்பனார் இருந்த மதகின் பெயரைச் சொன்னதும் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "லஸ்கர் ஐயா பிள்ளைகளா? வருஷா வருஷம் டெலிபோன் பண்ணுவாரே! அதுக்கு முன்னாடி கார்டு போடுவாரு. 'தண்ணி வந்துதா'ன்னு ஒரே வரிதான் இருக்கும். போன வருஷம்கூடக் கேட்டாரு" என்றார். பிறகு, தயங்கிச் சொன்னார்: "ஒரு பஞ்ச வருஷத்திலே, மேலே அத்தனை பேரும் தண்ணியை அடைச்சுக்கிட்டாங்க. அவரு மதகுலே மட்டும் முறை தவறலை. இந்தக் கோடியிலே அந்த வருஷம் விதைநெல் மிஞ்சினது அதனாலேதான். நாங்க பத்து நாற்பது குடி. இல்லேன்னா வேலை தேடி ஊரைவிட்டே போயிருப்போம்."

எந்த வருஷம் என்று நாங்கள் கேட்கவில்லை. சித்தப்பா கேட்டார். பெரியவர் சொன்னார். சித்தப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். காலடியில் இருந்த மடையில், மேட்டூரிலிருந்து வந்த நீர் ஒரு சாண் அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

முத்துப்பேட்டைக்கு அருகில் ஜாம்புவானோடையிலிருந்து படகில் போகலாம். கோரையாறு வழியாகப் படகு கடற்கழிக்குள் நுழைகிறது. இரு கரையிலும் அலையாத்திக் காடு. மரங்களின் சுவாச வேர்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கி ஆயிரக்கணக்கில் குத்திட்டு நிற்கின்றன. ஆற்று நீரும் கடல் நீரும் கலந்த தண்ணீரில்தான் இந்தக் காடு செழிக்கும். இறாலும் மீனும் குஞ்சு வளர்ப்பது இந்த வேர்களின் நடுவில்தான். 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் இந்தக் காடு மிகவும் அடிபட்டது. பிறகு மெல்லத் துளிர்த்தது. கடலில் கலக்கிற ஆற்று நீர் வீண் என்று படித்தவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறோம். தகப்பனார் ஒப்புக்கொள்ள மாட்டார். "கடலும் ஒரு பங்காளிதான். அதன் பங்கைக் கொடுக்கலேன்னா, உப்புத் தண்ணி மேலே ஏறி வந்து வயலையே எடுத்துக்கும்" என்பார். அவர் கடைமடை என்று சொன்னது அந்தப் பெரியவரின் வயலோடு முடியவில்லை என்பது இங்கே வந்தபிறகுதான் விளங்கியது.

ஆறும் உப்பும் சந்திக்கிற இடத்தில் படகை நிறுத்தச் சொன்னோம். அண்ணா கலயத்தை எடுத்தார். சித்தப்பா, "கொண்டா இங்கே" என்று கையை நீட்டினார். மூத்த பிள்ளையின் உரிமை அது. ஆனாலும் அண்ணா மறு பேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். சித்தப்பா கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு அதனிடம் பேசுகிறாற்போல் சொன்னார்: "என் பயிரைக் காய விட்டே. சரி. இன்னாருக்குப் போகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா, அண்ணே? நானே வந்து பார்த்திருப்பேனே." கோபம் முழுவதும் தீர்ந்த குரலில்லை. ஆனால் கை நடுங்காமல், துளித் துளியாக, வெகு பத்திரமாக அவர் அஸ்தியைக் கரைத்தார். நீர் அதை ஒரு நிமிஷம் சுழற்றி, வேர்களின் பக்கமாகக் கொண்டு போயிற்று.

தகப்பனார் விட்டுப்போன சொத்து ஓட்டு வீடு ஒன்று, நோட்டுப் புத்தகங்கள் எழுபது. எந்தக் கல்வெட்டிலும் அவர் பெயர் இல்லை. லஸ்கர் பெயரைக் கல்லில் வெட்டுகிற வழக்கமும் இல்லை. தொண்ணூறு வருஷம் நீண்ட ஆயுள் என்பதை எண்ணியே சொல்லிவிடலாம். நிறைந்த ஆயுள்தானா என்று பார்க்க மட்டும், ஆறோடு கூடவே கோடி வரையில் போக வேண்டியிருந்தது.

அலையாத்திக் காட்டைப் பார்க்க விரும்பும் நேயர்கள் ஆற்றில் தண்ணீர் ஓடுகிற காலத்தில் போவது நலம். காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதியை முன்கூட்டிப் பெற வேண்டும். குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். போகும் வழியில் நீடாமங்கலத்தில் ஒரு மணி நேரம் இறங்கி, மூணாறு தலைப்பைக் காட்டுங்கள். மதகடியில் காக்கிச் சட்டையோடு யாராவது நின்றால், "கடைமடைக்குப் போயிற்றா?" என்று கேளுங்கள். அவரிடம் அதைக் கேட்கிறவர்கள் அதிகம் பேர் இல்லை.